பயிற்சியில் கற்றது வேலையில் ஏன் இறங்குவதில்லை? எந்தக் கண்ணி அறுகிறது?

#1 தளப்பொறுப்பு

நேராகவே கேட்டுவிடுகிறேன். வகுப்பில் தேர்வு வைத்தால் தேறுகிறார்கள், செய்துகாட்டச் சொன்னால் செய்துகாட்டுகிறார்கள். தளத்துக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் பார்த்தால் பழைய முறையே ஓடுகிறது.

மூன்று வகைப் பயிற்சியை மனதில் வைத்துக் கேட்கிறேன். ஒன்று டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த முறுக்குவிசைக்கு, அதாவது டார்க்குக்கு, இறுக்கும் கருவி), மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) போன்ற கைத்திறன். இரண்டு எக்செல், பதிவு மென்பொருள். மூன்று சூப்பர்வைசர்களுக்கான பேச்சுத்திறன், அதாவது குறையை எப்படி எடுத்துச் சொல்வது என்பது. மூன்றுக்கும் காரணம் ஒன்றா, வெவ்வேறா? "மேலிடத்து ஆதரவு வேண்டும்" என்ற அளவில் நிற்கும் பதில்கள் நிறையக் கிடைக்கின்றன. யார், எந்த நாளில், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் எழுதுங்கள்.

#2 பாடவரைவு

காரணங்கள் வேறுபடும், ஆனால் அறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: திரும்பி வந்தபின் முதல் தடவை அந்தத் திறனைப் பயன்படுத்த வேண்டிய வேலை அவர் கைக்கு எப்போது வருகிறது?

பயிற்சி வேலையில் இறங்குவது பற்றிய ஆய்வில் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம் 1988-இல் பால்ட்வினும் ஃபோர்டும் எழுதிய ஆய்வுத் தொகுப்பு. கற்பவர், பயிற்சியின் அமைப்பு, பணிச்சூழல் என்று மூன்று பக்கமாகப் பிரித்தார்கள். அதில் மூன்றாவதைத்தான் நாம் குறைவாகத் தொடுகிறோம். ஃபோர்ட் குழுவினர் 1992-இல் அமெரிக்க விமானப்படையில் தொழில்நுட்பப் பயிற்சி முடித்தவர்களை நான்கு மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஒரே பாடம் படித்தவர்களுக்கிடையிலேயே, கற்ற வேலைகளைச் செய்யக் கிடைத்த வாய்ப்பில் பெரிய வேறுபாடு இருந்தது. சூப்பர்வைசர் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும், உடன் வேலை செய்பவர்கள் எவ்வளவு துணை நிற்கிறார்கள் என்பதும் அந்த வாய்ப்போடு சேர்ந்தே ஏறி இறங்கின.

ஆகவே பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: "திரும்பி வந்த 5 வேலை நாளுக்குள் இவர் இதைச் செய்யப்போகும் முதல் வேலை எது? இயந்திர எண் / அறிக்கையின் பெயர் / சந்திப்பின் தேதி." அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் அவரை அந்தத் தவணைக்கு அனுப்பாதீர்கள். அடுத்த தவணை வரட்டும். கடுமையாகத் தோன்றும். ஆனால் மென்பொருள் நான்காம் மாதம்தான் நடைமுறைக்கு வரும் என்று தெரிந்தே முதல் மாதத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது அதைவிடப் பெரிய வீண்செலவு.

#3 காலைஷிஃப்ட்

எப்படியும் பயிற்சியில் 10% தான் வேலைக்கு வருதுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்காங்களே. அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

#4 பாடவரைவு

> 10% தான் வேலைக்கு வருது

இந்த எண்ணைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அதன் வேர் 1982-இல் ஜார்ஜென்சன் எழுதிய ஒரு கட்டுரை. அங்கே அது அளந்து எடுத்த எண்ணே இல்லை. "கற்றதில் 10 சதவீதம்தான் நடத்தையில் மாற்றம் தருகிறது என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்" என்கிற தொனியில் வாசகரைப் பேச்சுக்கு இழுக்க எழுதிய வரி. பின்னால் வந்தவர்கள் அதை ஆய்வு முடிவாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டார்கள்.

சாக்ஸும் பெல்கோர்ட்டும் 2006-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: பயிற்சி முடிந்த உடனே 62%, ஆறு மாதத்தில் 44%, ஓராண்டில் 34% ஊழியர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று. அதுவும் பயிற்சித் துறையினரின் மதிப்பீடுதான், யாரும் பக்கத்தில் நின்று அளந்தது கிடையாது. ஒரே ஒரு எண்ணை எல்லாப் பயிற்சிக்கும் பொருத்துவதே தவறு. பூட்டு-அட்டைப் பாதுகாப்பு முறைக்கும் (இயந்திரத்தில் கைவைக்குமுன் மின் இணைப்பைப் பூட்டி எச்சரிக்கை அட்டை மாட்டுவது) பேச்சுவார்த்தைத் திறனுக்கும் எப்படி ஒரே சதவீதம் வரும்?

#5 குறடு

டார்க் ரெஞ்ச் பத்திக் கேட்டதால அதை மட்டும் எடுத்துச் சொல்றேன். ஆள் மறந்துட்டார்னு சூப்பர்வைசர் எழுதுவார். பெரும்பாலும் மறதி காரணமே இல்ல. வகுப்புல கத்துக்கிட்ட வேலையும் தளத்துல இருக்குற வேலையும் வேற வேற.

வகுப்புல போல்ட் மேசை மேல, இடுப்பு உயரத்துல, காய்ஞ்ச மரையோட, நேரா சாக்கெட் போடுற மாதிரி இருக்கும். தளத்துல அதே போல்ட் குழாய்க்குப் பின்னாடி இருக்கும். சாக்கெட் நுழையாது. ஆள் என்ன பண்ணுவார்? நீட்டிப்புத் துண்டு ஒண்ணை, வாய்த்திறப்பு ஸ்பேனர் தலை மாதிரி இருக்கும், முனையில மாட்டுவார். மாட்டின உடனே கணக்கு மாறிப்போச்சு.

ரெஞ்சோட நீளம் (கைப்பிடி நடுவுலேருந்து சதுர முனையோட நடு வரை) 400 மி.மீ., துண்டு முன்னால நீட்டுறது 50 மி.மீ.னு வைங்க. தேவையான டார்க் 80 நியூட்டன் மீட்டர். அப்போ ரெஞ்சுல வைக்க வேண்டியது 80 × 400 ÷ 450 = சுமார் 71. அது தெரியாம 80-லயே வச்சு இழுத்தா போல்ட்டுக்கு 90 போகும். துண்டை ரெஞ்சுக்கு 90 பாகை திருப்பி மாட்டினா அநேகமா திருத்தமே தேவையில்ல. இந்த ஒரு விஷயம் வகுப்புல வரலைன்னா, ஆளுக்கு மேல பழி போட்டு என்ன பயன்?

இன்னும் மூணு இடம்:
- மரையில எண்ணெய் இருந்தா, அதே டார்க்குக்கு போல்ட்டுல இழுவிசை கூடும். வரைபடத்துல கொடுத்திருக்கிற எண் காய்ஞ்ச மரைக்கா, எண்ணெய் போட்டதுக்கான்னு பார்க்கச் சொல்லித்தரணும்.
- கைப்பிடியோட நடுவைப் பிடிக்கலைன்னா நீளம் மாறும். இடம் போதாதப்போ எல்லாரும் கழுத்துப் பக்கம் பிடிப்பாங்க.
- வச்ச டார்க் வந்ததும் ரெஞ்ச் 'கிளிக்'னு தட்டும், அதோட நிறுத்தணும். சத்தமான தளத்துல கிளிக் காதுல விழாது, கையிலதான் உணரணும். வகுப்பறை அமைதியில காதை நம்பிப் பழகினவர் அங்க வந்து ரெண்டாவது தடவை, மூணாவது தடவை இழுப்பார்.

பயிற்சி வடிவமைக்கிறவர் தளத்துக்கு வந்து அந்த போல்ட்டை ஒரு தடவை கையால தொட்டுப் பார்த்துட்டுப் பாடம் எழுதினா இதுல பாதி தீரும்.

#6 நுண்ணளவு

குறடு சொன்னது மைக்ரோமீட்டருக்கும் அப்படியே பொருந்தும். பயிற்சி அறையில் மாதிரித் துண்டு 20 டிகிரி செல்சியஸில் இருக்கும். அளவீட்டுக்கான தர வெப்பநிலையே அதுதான். தளத்தில் கடைசலிலிருந்து சூடாக வந்த தண்டை அப்படியே அளப்பார்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 100 மி.மீ. விட்டமுள்ள துண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 23 மைக்ரான், அதாவது 0.023 மி.மீ. பெரிதாகக் காட்டும். இயந்திரத்தை ஓட்டுபவர் அதை நம்பி இன்னும் கொஞ்சம் சீவுவார். ஆறியதும் துண்டு சிறுத்துப்போய் கழிவாகும். "மைக்ரோமீட்டர் பயிற்சி பலன் தரவில்லை" என்று அறிக்கை வரும்.

சூடான துண்டை வைத்து ஒரு தடவை, ஆறவிட்டு ஒரு தடவை அளக்கவைத்து, இரண்டு எண்ணையும் அருகருகே எழுதச் சொன்னால் போதும். அரை மணி நேரம்கூட ஆகாது.

#7 எண்ணோலை

எக்செல் பக்கத்துக்கு வருகிறேன். அங்கும் இதே கதை, வேறு உருவத்தில்.

பயிற்சிக் கோப்பு சுத்தமாக இருக்கும்: தலைப்பு ஒரே வரியில், தேதி தேதியாக, எண் எண்ணாக. அலுவலகக் கோப்பு அப்படி வராது. திரும்பி வந்தவர் முதல் நாள் விலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுத்துவரும் சூத்திரம்) போடுவார், எல்லா வரியிலும் பிழை காட்டும். அரை மணி நேரம் போராடிவிட்டு, பழையபடி கண்ணால் பார்த்து ஒட்டத் தொடங்குவார். அன்றோடு அந்தப் பயிற்சி முடிந்தது. முதல் முயற்சி தோற்றால் இரண்டாவது முயற்சி பெரும்பாலும் நடப்பதே இல்லை. மாத இறுதி நெருக்கடியில் யார் சோதனை செய்துகொண்டிருப்பார்கள்?

பிழைக்கான காரணங்கள் எண்ணிவிடலாம். மேலும் அவை எல்லா அலுவலகத்திலும் ஒரே வரிசைதான்.

ஒரு பக்கம் எண் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், பொருந்தாது. பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கும். அதற்கு ட்ரிம் (கூடுதல் இடைவெளியை நீக்கும் சூத்திரம்) போடச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் இணையப்பக்கத்திலிருந்தோ மற்ற மென்பொருளிலிருந்தோ வரும் இடைவெளி பல சமயம் 160-ஆம் எண் எழுத்து. அதை ட்ரிம் தொடாது. சப்ஸ்டிடியூட் கொண்டு 160-ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் ட்ரிம் போட வேண்டும். தேதியில் இன்னும் மோசம்: நாள்-மாதம் வரிசை மாறி வந்த கோப்பில் 12-க்கு மேற்பட்ட நாட்கள் எழுத்தாகவே நின்றுவிடும், 12 வரையிலானவை சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம் மாறித் தேதியாகிவிடும். பாதி வரிகள் இடப்பக்கம் ஒட்டியும் பாதி வலப்பக்கம் ஒட்டியும் நிற்பதே அடையாளம். பிவட்டில் (தரவைக் கூட்டிச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) மூலப் பகுதி 500 வரியோடு நிற்கும். அடுத்த மாதம் 620 வரி வந்தாலும் 500-தான் கூட்டும். மூலத்தைக் கன்ட்ரோல்-டி அழுத்தி அட்டவணையாக்கினால் அது நீளும், ஆனாலும் புதுப்பி பொத்தானை அழுத்தாமல் எண் மாறாது.

இவற்றைப் பாடமாக நடத்துவதைவிட, ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தின் உண்மையான கோப்பு ஒன்றை (பெயர், சம்பளம் போன்ற விவரங்களை நீக்கிவிட்டு) கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். கடைசி இரண்டு மணி நேரம் அந்தக் கோப்பில் வேலை. அடுத்த மாத அறிக்கையின் வரைவு வகுப்பிலேயே முடிந்துவிடும்.

இதற்குப் பின்னால் ஆய்வும் இருக்கிறது. 2008-இல் கீத், ஃப்ரேஸ் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிழை வராமல் கைபிடித்து நடத்தும் பயிற்சியைவிட, பிழை செய்யவிட்டு அதிலிருந்து வெளியேறக் கற்பிக்கும் பயிற்சி பிற்பாடு நன்றாக நின்றது. அதிலும் புதுச் சிக்கல் வரும் வேலைகளில்தான் அந்த வேறுபாடு அதிகம். வகுப்பு நடக்கும்போது தடுமாறுவார்கள், பின்னூட்டப் படிவத்தில் மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். அதற்காகப் பயிற்சியாளர் பயப்படக் கூடாது.

#8 வார்டுப்பணி

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒன்று. இதய-நுரையீரல் மீட்பு (சிபிஆர்) பயிற்சி, சூழல் மாறினால் திறன் எப்படித் திரிகிறது என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. வயதுவந்த ஒருவருக்கு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழுத்தலுக்குப் பின்னும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். எல்லோரும் ஒப்பிப்பார்கள். பொம்மையைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டுப் பழகியிருப்பார்கள்.

வார்டில் நோயாளி மெத்தைமேல். அழுத்தும்போது மெத்தையும் அமுங்கும். கைக்கு 6 செ.மீ. இறங்கியதாகத் தோன்றும், மார்புக்குப் போனது அதைவிடக் குறைவு. காற்று மெத்தையானால் காற்றை உடனே இறக்கும் பிடி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டிலின் உயரம் குறைக்காமல் எட்டி அழுத்தினால் தோள் கைக்கு நேர் மேலே வராது, ஒரு நிமிடத்திலேயே கை ஓய்ந்துவிடும். நோயாளி படுத்திருக்கும் மட்டம் அழுத்துபவரின் முழங்காலுக்கும் நடுத்தொடைக்கும் இடையில் வரும்படி கட்டிலை இறக்கவோ, காலடியில் படிப்பலகை போடவோ வேண்டும்.

அடுத்தது மறதி. இரண்டாண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் புதுப்பிக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆனால் இந்தத் திறன் சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது. இரண்டாண்டுக்கு ஒரு முழுநாளைவிட, ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பொம்மையை வார்டிலேயே வைத்து, மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் அழுத்தவைப்பது எவ்வளவோ மேல். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஒருவர் பின் ஒருவராக. அறை வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம், விடுப்பும் வேண்டாம்.

#9 மரத்தடி

#5-லிருந்து #8 வரை எல்லோரும் சொல்வது "வகுப்பைப் பணியிடம் போலவே அமை" என்பது. 1901-இலேயே தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் சொன்னதுதான்: இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் திறன் கடக்கும். ஆனால் இதில் ஒரு எல்லை இருக்கிறது, அதை இங்கே யாரும் தொடவில்லை.

படிகள் மாறாத வேலைக்கு இது சரி. பூட்டு-அட்டை முறை, டார்க், ரத்தம் ஏற்றுமுன் சரிபார்ப்பு: இவை மூடிய திறன்கள். மேலாளர் ஊழியரிடம் குறை சொல்வது திறந்த திறன். ஒவ்வொரு தடவையும் ஆள் வேறு, நிலைமை வேறு. ஒரே காட்சியைப் பத்து தடவை நடித்துப் பழகியவர், எதிராளி திடீரென்று அழுதாலோ பதிலே பேசாமல் இருந்தாலோ திகைத்துப் போவார். இங்கே அச்சு அசலான ஒப்புமையைவிடப் பலதரப்பட்ட காட்சிகள் முக்கியம். எதற்காக அப்படிப் பேச வேண்டும் என்கிற கொள்கையும் தெரிய வேண்டும். 2010-இல் ப்ளூம் குழுவினர் 89 ஆய்வுகளைத் தொகுத்தபோது இந்தத் திறந்த, மூடிய வேறுபாட்டைத் தனியாகவே எடுத்துப் பார்த்தார்கள். திறந்த திறனில் கற்பவரின் ஊக்கமும் சூழலும் கூடுதலாகப் பேசுகின்றன. ஏனென்றால் பயன்படுத்துவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுப்பவர் அவரே.

#10 தளப்பொறுப்பு

அந்த மூன்றாவது வகையை யாராவது விரித்து எழுதுங்கள். அதில்தான் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

#11 பேச்சுப்பயிற்சி

எழுதுகிறேன். செய்துகாட்டி நடிக்கவைத்துத் திருத்தும் முறையைப் பற்றி 2005-இல் டெய்லர், ரஸ்-எஃப்ட், சான் மூவரும் 117 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வேலையில் இறங்குவதைக் கூட்டியவை என்று அவர்கள் கண்டவற்றில் நான்கை நாம் நேராகவே எடுத்துக்கொள்ளலாம்: சரியான மாதிரியோடு தவறான மாதிரியையும் காட்டியது, நடிக்கும் காட்சிகளைக் கற்பவர்களே உருவாக்கியது, அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் பயிற்சி தந்தது, பணியிடத்தில் பயன்படுத்தினால் பாராட்டும் பயன்படுத்தாவிட்டால் கேள்வியும் இருந்தது.

இரண்டாவதைச் செய்யும் விதம்: பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் "அடுத்த 15 நாளில் நீங்கள் பேசியே ஆக வேண்டிய, ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு உரையாடல்" என்று ஐந்து வரி எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம். வகுப்பில் அதைத்தான் நடிக்க வேண்டும். எதிராளியாக நடிப்பவருக்கு மூன்று விதக் குறிப்பு கொடுங்கள்: ஒரு சுற்றில் மறுத்துப் பேசுவார், அடுத்ததில் ஒத்துக்கொண்டு காரணம் அடுக்குவார், மூன்றாவதில் மௌனமாக இருப்பார்.

வகுப்பு முடியும் முன் "இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்" வடிவில் இரண்டே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கோல்விட்சர் 1999-இல் இதை விளக்கி எழுதினார்: பொதுவான நோக்கத்தைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று குறித்த திட்டம் செயலாகும் வாய்ப்பு அதிகம். "இனிமேல் நல்ல முறையில் கருத்துச் சொல்வேன்" என்பது செல்லாது. "வியாழன் ஷிஃப்ட் முடிந்து அளவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது, விடுபட்ட வரிகளைக் காட்டி, அதனால் அடுத்த ஷிஃப்டுக்கு என்ன ஆனது என்று முதலில் சொல்வேன், பிறகு அவர் பேசி முடிக்கும்வரை இடைமறிக்க மாட்டேன்" என்பது செல்லும்.

மேலதிகாரியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். சூப்பர்வைசரிடம் நிதானமாகப் பேசச் சொல்லிவிட்டு, அவருடைய மேலாளர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் அவரையே கத்தினால், அவர் எதைக் கற்றுக்கொள்வார்? மேலாளர்களுக்கு அரைநாள் சுருக்கப் பயிற்சி முதலில், சூப்பர்வைசர்களுக்கு அதன்பின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

#12 இரண்டாம்ஷிஃப்ட்

சூப்பர்வைசர் என்ன பண்ணணும்னு எல்லாரும் சொல்றீங்க, அவருக்கு நேரம் எங்க இருக்கு? அதனால குறைஞ்சபட்சம் என்ன தேவைன்னு மட்டும் போடுறேன்.

போகுறதுக்கு முன்னாடி 15 நிமிஷம். மூணு கேள்வி: இதை எந்த வேலையில போடப் போற? அந்த வேலை எப்போ வருது? திரும்பி வந்தா உனக்கு என்ன தடை இருக்கும்? மூணாவதுதான் உயிர். "அந்த மென்பொருளுக்கு எனக்கு லாகின் இல்ல", "அந்த கேஜ் ஸ்டோர்ல பூட்டி இருக்கு", "அந்த மெஷின்ல எனக்கு அனுமதி இல்ல" அப்படின்னு வரும். அவர் வகுப்புல இருக்குற நாட்கள்லயே அதைத் தீர்த்து வைங்க.

வந்ததும் 48 மணி நேரத்துக்குள்ள 10 நிமிஷம். "எப்படி இருந்தது"ன்னு கேக்காதீங்க. "நல்லா இருந்தது சார்"னு சொல்லிட்டுப் போயிடுவார். "செஞ்சு காட்டு"ன்னு கேளுங்க.

அப்புறம் டார்கெட். புது முறையில முதல்ல மெதுவாத்தான் வரும். பழைய வேகத்தையே கேட்டா அவர் பழைய முறைக்குத்தான் போவார், அவர்மேல தப்பே இல்ல. பயிற்சியோட கடைசி நாள்ல ஒரு துண்டுக்கு அவர் எடுத்த நேரத்தைப் பயிற்சியாளர் எழுதி அனுப்பணும். முதல் வாரத்து டார்கெட் அந்த நேரத்தை வச்சுத்தான். ஷிஃப்ட் போர்டுல அந்தப் பேருக்கு நேரா அதை எழுதிடுங்க, இல்லைன்னா அடுத்த ஷிஃப்ட் பொறுப்பாளர் வந்து கேள்வி கேப்பார்.

பழைய படிவத்தையும் எடுத்துடுங்க. புது முறையில பதிவு பண்ணச் சொல்லிட்டு, பழைய நோட்டையும் "எதுக்கும் இருக்கட்டும்"னு எழுதச் சொன்னா, எது நிக்கும்னு நினைக்கிறீங்க?

ஒரே பிரிவுலேருந்து ரெண்டு பேரா அனுப்புங்க. தனியா போயிட்டு வந்தவரை மத்தவங்க "இங்க அதெல்லாம் சரிப்படாது"ன்னு ஒரே நாள்ல அடக்கிடுவாங்க. ரெண்டு பேர்னா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தாக்குப்பிடிப்பாங்க.

#13 பாடவரைவு

இரண்டாம்ஷிஃப்ட் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேரி பிராடும் ஜான் நியூஸ்ட்ராமும் 1992-இல் மேலாளர், பயிற்சியாளர், கற்பவர் என மூவரையும், முன், நடுவில், பின் என மூன்று காலத்தையும் வைத்து ஒன்பது கட்டம் போட்டார்கள். பயிற்சித் துறையினர் மிக வலுவானது என்று தேர்ந்தது "மேலாளர், முன்" என்ற கட்டம். அந்தப் பதினைந்து நிமிடம் அதுதான்.

#14 மனிதவளம்

எங்கள் போன்ற பிரிவுகளில் வழக்கமாகக் கேட்பது, திரும்பி வந்தவர் பிரிவில் உள்ளவர்களுக்கு அரைமணி நேரம் ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும் என்பது. கற்பித்தால் அவருக்கும் பதியும், மற்றவர்களுக்கும் போய்ச் சேரும் என்பது எண்ணம். இதில் பலன் உண்டா?

#15 குறடு

பேசுறதுக்குப் பலன் உண்டு, வேலைக்கு இல்ல. ஸ்லைடுக்குப் பதிலா மெஷின் பக்கத்துல ஒரே ஒரு ஆளுக்குச் செஞ்சு காட்டச் சொல்லுங்க.

#16 மரத்தடி

குறடு சுருக்கமாகச் சொன்னதற்கு முறையான வடிவம் ஒன்று 1940-களிலேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத புதியவர்களை விரைவாகத் தயார் செய்ய நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டத்தின் "வேலை கற்பித்தல்" பகுதி. நான்கு படி: ஆளைத் தயார்படுத்து, வேலையைக் காட்டு, செய்யவை, தொடர்ந்து கவனி.

அதன் உயிர் ஒரு தாளில் இருக்கிறது. இடப்பக்கம் முக்கியப் படிகள், வலப்பக்கம் ஒவ்வொரு படிக்குமான நுணுக்கங்கள். எது நுணுக்கம் என்பதற்கு மூன்றே அளவுகோல்: வேலை கெட்டுப்போகச் செய்வது, ஆளுக்குக் காயம் ஏற்படுத்துவது, வேலையை எளிதாக்கும் கைப்பக்குவம். மற்ற எதுவும் தாளில் ஏறக் கூடாது. திரும்பி வந்தவர் முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலைக்கு இந்தத் தாளை எழுதட்டும். எழுதும்போதுதான் தமக்கே எது தெரியவில்லை என்று புலப்படும். பயிற்சியாளரை அழைத்துக் கேட்பார். மனிதவளம் கேட்ட "பதியும்" என்பது இங்கே நடக்கும்.

செய்யவைக்கும் படியில் கற்பவர் குறைந்தது மூன்று சுற்று செய்ய வேண்டும்: முதலில் பேசாமல் செய்வார், அடுத்து படிகளையும் நுணுக்கங்களையும் சொல்லிக்கொண்டே செய்வார், பிறகு காரணங்களையும் சேர்த்துச் சொல்வார். சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தித் திருத்த வேண்டும்.

#17 எண்ணோலை

> மற்ற எதுவும் தாளில் ஏறக் கூடாது

முழுமையாக உடன்படுகிறேன். நூறு பக்கப் பயிற்சிக் கையேடு அலமாரியில் கிடக்கும். திரைக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு பக்கம் பயன்படும்.

#18 தளப்பொறுப்பு

அளப்பதைப் பற்றி ஒன்று. கடைசி நாள் பின்னூட்டத்தில் 5-க்கு 4.6 வருகிறது. மேலிடம் அதையே கேட்கிறது. அதற்குப் பதிலாக எதைக் காட்டுவது?

#19 பேச்சுப்பயிற்சி

1959-இல் கிர்க்பாட்ரிக் எழுதத் தொடங்கிய நான்கு படிநிலைகளில் (பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, விளைவு வந்ததா) நீங்கள் சொல்வது முதல் படி. பிடித்திருந்தது என்பதிலிருந்து வேலையில் செய்கிறார் என்பதை ஊகிக்க முடியாது. மூன்றாம் படியை அளக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது: பயிற்சிக்கு முன்பே ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஆறேழு செயல்கள், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று குறிக்கக்கூடியதாக. "தெளிவாகப் பேசினார்" வேண்டாம். "எந்த நாள், எந்தப் பதிவு என்று குறிப்பிட்டார்" வேண்டும். பிறகு 30-ஆம் நாள், 90-ஆம் நாள் அதே தாள்.

இரண்டாவது: வகுத்தல் கணக்கில் கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். "நான்கு தடவை பயன்படுத்தினார்" என்பதற்குப் பொருளே இல்லை. பயன்படுத்த வேண்டிய சந்தர்ப்பம் எத்தனை வந்தது? ஐந்து வந்து நான்கு என்றால் திறன் இறங்கிவிட்டது. நாற்பது வந்து நான்கு என்றால் இறங்கவில்லை. சந்தர்ப்பமே ஒன்றும் வரவில்லை என்றால் அவரைக் குறை சொல்லும் அறிக்கையை எழுதாதீர்கள். வேலை ஒதுக்கியவரிடம் போங்கள்.

30-ஆம் நாள் தாளை மதிப்பீட்டுப் பதிவோடு, சம்பள உயர்வோடு சேர்க்கவும் வேண்டாம். சேர்த்தால் பார்வையாளர் இருக்கும் நேரம் மட்டும் செய்துகாட்டுவார்கள், தடையைச் சொல்ல மாட்டார்கள். தடையைத் தெரிந்துகொள்ளவே அந்தத் தாள்.

#20 மரத்தடி

கடைசி வரியில் சின்ன மாறுபாடு. பாதுகாப்பு வேலைகளில் அப்படி விட்டுவிட முடியாது. மின் இணைப்பைப் பூட்டாமல் இயந்திரத்துக்குள் கைவிட்டால் 30-ஆம் நாள் வரை காத்திருப்பதில்லை; அங்கேயே நிறுத்தி, அன்றே மீண்டும் செய்யவைக்க வேண்டும்.

#21 பேச்சுப்பயிற்சி

சரி, அதில் உடன்படுகிறேன். நான் சொன்னது உயிராபத்து இல்லாத திறன்களுக்கு.

#22 காலைஷிஃப்ட்

இவ்வளவும் படிச்சதுக்கு அப்புறம் ஒரு கேள்வி. ஏற்கெனவே பயிற்சி முடிச்சிட்டு வந்தாச்சு, மூணு மாசமா அந்த வேலையே வரல. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் வர்ற வேலை. அந்த ஆளை மறுபடியும் அதே பயிற்சிக்கு அனுப்பணுமா?

#23 வார்டுப்பணி

முழுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். முதலில் என்ன தேய்ந்திருக்கும் என்று பாருங்கள். 1998-இல் ஆர்தர் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்ததில், பயன்படுத்தாமல் விட்ட திறன்களில் உடல்சார்ந்த, வேகம் சார்ந்த வேலைகளைவிட மூளையால் முடிவெடுக்கும் வேலைகளும் துல்லியம் தேவைப்படும் வேலைகளும் அதிகம் தேய்ந்தன. கை ஓரளவு நினைவு வைத்திருக்கும். படிகளின் வரிசையும் எல்லை எண்களும் போய்விடும்.

எனவே எண்களையும் வரிசையையும் நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள். இயந்திரத்திலேயே ஒட்டிய ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும். அதைப் பார்த்துச் செய்வதுதான் சரியான முறை என்று எழுதியே வையுங்கள், பார்த்தால் திறமையில்லாதவர் என்ற பேச்சு வராது. மாதம் ஒருமுறை, இயந்திரம் நிற்கும் நேரத்தில், ஓட்டாமல் படிகளைத் தொட்டுக் காட்டிச் சொல்லும் பாவனை ஒத்திகை பத்து நிமிடம். உண்மை வேலை வரும்போது முந்தின நாளே தெரிவித்து, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் கையை வைக்கக் கூடாது, தவறு தொடரப்போகும் இடத்தில் நிறுத்தச் சொன்னால் போதும்.

வேலை முடிந்த அன்றே தாளில் எந்தப் படியில் தயங்கினார் என்று பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த மாத ஒத்திகை அந்தப் படியிலிருந்து தொடங்கலாம்.

#24 காலைஷிஃப்ட்

சரி. தாளை இந்த வாரமே எழுதி இங்க போடுறேன், குறடு அண்ணே பார்த்து நுணுக்கம் விட்டுப்போனதைச் சொல்லுங்க.

#25 குறடு

போடுங்க. மெஷின் மாடலும், எந்த எந்த போல்ட்டுக்கு நீட்டிப்புத் துண்டு தேவைப்படுதுன்னும் சேர்த்துப் போடுங்க. துண்டோட நீளத்தை அளந்து மில்லிமீட்டர்ல எழுதுங்க.